தக்ராவா, பேட்மிண்டனா?

‘இன்னிக்கு மட்டும் யாரையும் எதிர்த்துப் பேசாதடா’ என்று அலோர் ஸ்டார் வரும் வழியெல்லாம் அம்மா படித்துப் படித்துச் சொல்லியும் லோகேஸ்வரனின் வாய் சும்மா இருக்கவில்லை.

“பேட்மிண்டன்லாம் ஈசிலா. தக்ராதான் ரொம்ப சூசா.”

“பந்த ஒதைக்கிறது கஷ்டமா? நான் பேட்மிண்டன் ஸ்டேட் பிளேயர், தெரியுமா?” பக்கத்தில் நின்ற அந்த வீட்டுப் பெண் ஷாமளா முறைத்தாள்.

“அந்தரத்துல ஒதைக்கணும். இப்படி, பாருங்க!”

வாசலில் நின்றபடி அவன் காலை வீச, சிலிப்பர் பறந்து ஜன்னல் வழியே ஹாலுக்குள் போய், பூத்தட்டில் விழுந்தது.

“ஐயோ, பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படியா!” அம்மா அலறினார்.

இந்தச் சம்பந்தமும் போச்சு என்று லோகேஸ்வரன் நெளிந்தான்.

ஷாமளா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, எனக்குச் சம்மதம். ஆனா பேட்மிண்டன்தான் கஷ்டம்னு இவரு ஒத்துக்கணும்.”

“தக்ராதான்...” என்று ஆரம்பித்த மகனின் வாயை, ஓடிவந்த அம்மா பொத்தினார்.