குடிவந்த நாள்

"சட்டுன்னு சொல்லுங்க சார். இந்த மாநிலத்துக்கு நீங்க குடிவந்தது எப்போ?"

வக்கீலம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். மெத்தைக்காரர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். மெத்தைக் கடை மூழ்கிப்போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டபாடில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இவரு எங்க சொல்லப்போறாரு, நான் சொல்றேன் மேடம். எட்டு மாசம் ஆச்சு. கொட்டுற மழையில நனைஞ்ச கோழி மாதிரி வாசல்ல வந்து நின்னாரு. கையில ஒரு பை, தெருவுல அந்த வேன். அவ்வளவுதான் மிச்சம்."

"எட்டு மாசம்தானா? அப்ப கஷ்டம்."

திவால் மனு கொடுப்பவரிடம் எதை விட்டுவைப்பது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறாம். இங்கே, பிழைப்புக்கு ஓட்டும் வண்டியில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் அந்தச் சலுகை, இரண்டு வருஷமாவது இங்கே குடியிருந்தவர்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் பழைய மாநிலத்துச் சட்டம். அது கட்டின துணியைத் தவிர எல்லாவற்றையும் உருவிக்கொண்டு விடும் ரகம்.

"வேன் போயிடும்மா," என்றார் வக்கீலம்மா.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து அவள் சம்பாதிப்பது வாடகைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது. வேன் லோடு அடித்தால்தான் அடுப்பு எரியும். அதைவிட, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதுதான் இந்த மனிதர் கொஞ்சமாவது சிரிக்கிறார். வீட்டில் சும்மா உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் ஆள் உருக்குலைந்துவிடுவார்.

எல்லாம் இவராகத் தேடிக்கொண்ட வினை. இங்கே வேலை கிடைத்ததும் அவள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். "கடையா, நானா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். "கடைதான்! உன் பின்னால வந்தேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்று குதித்தார். சரிதான் போங்க என்று அவள் தனியாக ரயில் ஏறினாள்.

அதற்கப்புறமும் ஒரு நாள் தவறாமல் போன் வரும். "சாப்பிட்டியா?" என்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் "கடைக்கு ஆள் வந்துட்டாங்க, வெக்கிறேன்" என்பார். அப்படி என்ன வியாபாரமோ! கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுக்கிற நிலைமையில் வந்து நின்றார். குத்திக்காட்ட ஆயிரம் இருந்தும் அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை எடுத்துவந்து தலையைத் துவட்டிவிட்டாள். அவர்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

அந்த ஆசைதான் இப்போது கோபமாகப் பொங்கியது.

"அப்பவே என்கூட வந்திருந்தா ரெண்டு வருஷம் தாண்டியிருக்கும் மேடம். கேட்டாரா? கடையைக் கட்டிக்கிட்டு அழுதாரு. இப்ப கடையும் போச்சு, வண்டியும் போகுது."

மெத்தைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு மேடம்."

"என்னது?"

"நான் இங்க வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது."

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயோ, பொய் சொல்லாதீங்க! வண்டி போனா போயிட்டுப் போகுது. உங்களைத் தூக்கி உள்ள போட்டுட்டா நான் அப்புறம் யாரைத் திட்டுறது?"

"அவங்க சொல்றது சரி," என்றார் வக்கீலம்மா கண்டிப்பாக. "கோர்ட்டுல பொய் சொன்னா மனுவே நிக்காது. எங்க தங்கியிருந்தீங்க? சாட்சி சொல்ல ஆள் இருக்கா?"

"ரூம் ஓனர் வருவாரு மேடம். பெரியாஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல, மருந்துக்கடை மாடி."

அவள் பிடி தளர்ந்தது. "அது என் ஆஸ்பத்திரிங்க."

"ம்." அவர் தலை நிமிரவில்லை. "ஜன்னல்ல நின்னா நீ பஸ்ஸை விட்டு இறங்குறது தெரியும். நீ உள்ள போனதும்தான் நான் வேனை எடுத்துக்கிட்டு லோடுக்குப் போவேன்."

"அப்ப தினம் தினம் போன்ல, கடைக்கு ஆள் வந்துட்டாங்கன்னு..."

"பேரை மாத்திக்கிறேன்னு வாய்விட்டுட்டேனே! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன் கதவைத் தட்டுறது? ரூம் வாடகைக்கும் வழியில்லாமப் போனப்பதான் தைரியம் வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "லூசு மனுஷா" என்று முணுமுணுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விட்ட கையை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

வக்கீலம்மாவுக்கும் குரல் கொஞ்சம் இளகிவிட்டது. "அப்ப வேனுக்குப் பயமில்லை. இன்னும் ஒண்ணே ஒண்ணு. கடை நொடிச்சதுக்கு என்ன காரணம்னு கோர்ட்டுல கேப்பாங்க. வியாபாரம் படுத்துடுச்சா?"

"சேச்சே, வியாபாரம் நல்லாத்தான் நடந்துச்சு."

"பின்ன?"

மெத்தைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னார்:

"கடை நொடிச்சதால நான் இங்க வரலை மேடம். இவ ரயில் ஏறின அதே வாரம் கடையைப் பூட்டிட்டு வந்துட்டேன், அதனாலதான் கடை நொடிச்சுது."