பாலிதீன் பிரிக்காத ஸ்டூல்

ஒரு ஜவுளிக்கடையில், வேலையாட்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்துக்காக வாங்கிப் போட்ட ஸ்டூல் ஒன்று பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கவுண்டருக்கு அடியில் கிடந்தது. அதன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், சேலை விரித்துக் காட்டும் தவமணியின் கால்கள்தான். காலையிலிருந்து அவை மாறி மாறிப் பாரம் தாங்கி வீங்கிக்கொண்டே வந்ததில் ஸ்டூலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்ற பொம்மையிடம் கெஞ்சியது: "அவ காது உன் உயரத்துலதானே இருக்கு? ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லேன்."

"மெதுவாப் பேசு, மேல கேமரா இருக்கு!" என்றது பொம்மை. "எனக்கும்தான் கணுக்கால்ல விரிசல் விட்டிருக்கு. வாயைத் திறந்தேனா?"

சாயங்காலம் தவமணி ஒரு காலால் மறு காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். முட்டி கிடுகிடுவென்று ஆடியது. ஐயோ, விழப்போகிறாள் என்று ஸ்டூல் பாலிதீனுக்குள் துடித்தது.

மடாரென்று சத்தம். விழுந்தது பொம்மை.

முதலாளி பதறி ஓடிவந்தார். "அடடா, காலு போச்சே! பாவம், இனிமே இதை நிக்க வைக்கக் கூடாது. தவமணி, அடியில ஸ்டூல் கிடக்கு பாரு, எடுத்து உட்கார வை."

தவமணி பாலிதீனைப் பிரித்தாள். பொம்மையை அலுங்காமல் உட்காரவைத்தாள். அதன் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.