இருபது நிமிடம் அசையாமல்

மூன்றாவது முறையாகத் திரையில் கோடு கலைந்தது.

செலஸ்டின் ஸ்கேனை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது சரிப்படாதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனேம்மா!"

கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் குழாய்க்குள் நஸ்ரின் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது. ஆட்டிசம். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூளையில் எந்த ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று கத்தி படாமல் அளக்கும் ஆராய்ச்சி. தலை நூலளவு அசைந்தாலும் அந்த அளவைக் காட்டும் கோடு கலைந்துவிடும். அளவு செல்லாது. மயக்க ஊசியும் கூடாதாம், கணக்கே மாறிவிடுமாம்.

இதுவரை வந்த முப்பது பேரும் பேசுகிறவர்கள். இவளும் கைவிட்டுப் போனால், பேசாதவர்களைப் பற்றி அந்த ஆராய்ச்சியில் ஒரு வரிகூட இருக்காது.

செலஸ்டின் பதினாறு வருஷமாக ஸ்கேன் எடுக்கிறவர். மீசை முறுக்கிய பயில்வான்களே அந்தக் குழாயிலிருந்து அலறியடித்து ஓடியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை எங்கே தாங்கப்போகிறது?

பக்கத்தில் நின்றவர் அவள் அம்மா ரஷீதா. ஒரு மாதமாக மகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, காதருகே மிக்சியை ஓடவிட்டு, குழாயின் நெருக்கத்துக்கும் சத்தத்துக்கும் பழக்கியவர்.

"சார், கோடு எப்பெப்ப கலைஞ்சுச்சு?"

பார்த்தார்.

ஐந்தாம் நிமிடம். பத்தாம் நிமிடம். பதினைந்தாம் நிமிடம்.

மேஜைமேல் இருந்த மைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைக்கில் விசாரிப்பது அவர் வழக்கம். உள்ளே யார் படுத்திருந்தாலும் கேட்பார், "சரியா இருக்கீங்களா?" என்று.

அவள் தலையாட்டியிருக்கிறாள்.

மூன்று முறையும்.

அட மடப்பயலே, என்று தன்னையே திட்டிக்கொண்டார். உள்ளே போய் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"தப்பு என்மேலதாம்மா. இனி கேக்க மாட்டேன். இருபது நிமிஷம் அசையாம இருப்பீங்களா?"

அதற்கும் தலையாட்டினாள்.

மைக்கை அணைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இயந்திரம் தடதடவென்று அடித்துத் தீர்த்தது. ரஷீதா மூச்சுவிடவும் பயந்து நின்றார்.

இருபது நிமிடம்.

கோட்டில் ஒரு பிசிறு இல்லை. முப்பது பேரில் ஒருவரிடமும் அவர் இப்படிப் பார்த்ததில்லை.

கெட்டிக்காரி! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

போகும்போது மகளின் மருத்துவக் கோப்பைக் கேட்டார் ரஷீதா. செலஸ்டின் எடுத்து நீட்டியபோதுதான் மேல் தாளில் எந்த டாக்டரோ எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

'கேள்வி கேட்டால் பதில் தருவதில்லை.'

நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்மா."

சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.