சாம்பல் தோட்டா

"அடுப்புச் சாம்பலையா அள்ளிப் போடுறீக?"

சுலைகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெய்னா முகம்மது தலை நிமிரவில்லை. அலுமினியத் தோட்டாக் கூட்டுக்குள் சாம்பலைத் தட்டி இறக்கினான். மேலே அட்டையை வைத்து, ஈய ரவையைக் கொட்டி, வாயை மடக்கினான்.

"கேக்குறேன்ல?"

"மெதுவாப் பேசு. மலையாண்டி அண்ணன் வெளிய நிக்கிறாரு."

அவருக்குத்தான் அது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

திருப்பாலைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் நெய்னாதான் தோட்டா கட்டிக் கொடுப்பான். பித்தளைக் கூடு என்றால் சுட்ட பிறகும் திரும்பத் திரும்ப நிரப்பலாம். இது யுத்தத்தில் மிச்சப்பட்ட அலுமினியம். ஒருதரம் சுட்டால் கிழிந்துபோகும். ஆனால் சுடாமலே கிடந்து, உப்புக் காற்றில் வெடிமருந்து செத்துப்போனது எவ்வளவோ உண்டு. அதைப் பிரித்துக் கொட்டிவிட்டு, அடியில் ஊசி குத்தினால் பொறி கக்குகிற புதுக் கேப்பும் புது மருந்தும் போட்டுக் கட்டுவான். பத்து வருஷத்தில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்தப் பேரில்தான் வீட்டில் உலை கொதித்தது.

இன்றைக்கு மருந்துக்குப் பதில் சாம்பல். செத்த கேப்பையும் மாற்றவில்லை. பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவள், அவளுக்குத் தெரியாதா?

வெளியே மலையாண்டியின் குரல் கேட்டது.

"வெடிக்குமா, நெய்னா?"

"வெடிக்கும்ணே."

"நிச்சயமா?"

"நான் கட்டுனது எதுண்ணே பொய்ச்சிருக்கு? செத்த நேரம் உக்காருங்க. பேசிக்கிட்டிருந்துட்டுப் போகலாம்."

"காட்டுப் பன்னி கொல்லையில கடலையைத் தோண்டுது. உக்காந்து பேச எங்க நேரம்?"

தோட்டாவை வாங்கி மடியில் செருகிக்கொண்டு மலையாண்டி போய்விட்டார்.

சுலைகா அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"நோன்பு வாயால இப்படி ஒரு பொய்யா? தலைப்பிரசவத்துக்கு வந்த மகளையும் பச்சப் பிள்ளையையும் ஒரே குழியில வச்சு முழுசா ஒரு மாசம் ஆகல. பொண்டாட்டியும் இல்ல. அந்த மனுசனுக்கு இருக்கிறது ரெண்டு குறுக்கம் நிலத்துக் கடலை. அதுலயுமா மண்ணைப் போடணும்? மருந்து இல்லேன்னா இல்லேன்னு சொல்லுறது!"

"இல்லேன்னா வேற ஆள்கிட்டப் போவாரு."

"ஓகோ! ஆள் கைவிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் சாம்பலா?"

அவன் சாம்பல் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனான். மூன்று நாளும் நோன்பு திறக்கக் கஞ்சிச் சட்டியை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே நெய்னா! வெளிய வாடா!"

தோட்டா கதவில் மோதி உருண்டது. தெருவில் மலையாண்டி. கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"என்னத்தலே கட்டிக் குடுத்த? புஸ்ஸுன்னுகூட ஒரு சத்தம் இல்லையேடா! உன்னைப் போய் நம்புனேன் பாரு!"

நெய்னா குனிந்து தோட்டாவை எடுத்தான். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடி நின்றான்.

அகமது கபீர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினார். கண்மாயில் வாத்துச் சுடுகிறவர், பழைய வாடிக்கை. பேனாக்கத்தியால் வாயைக் கிளறி உள்ளங்கையில் கொட்டினார்.

"அட, சாம்பல்!"

ஊரே எட்டிப் பார்த்தது.

"அடுத்த தடவை மிளகாப்பொடி போட்டுக் குடுப்பான். பன்னி தும்மித் தும்மியே செத்துரும்" என்றான் ஒருத்தன். சிரிப்பு.

"தப்புதாண்ணே" என்றான் நெய்னா. "உள்ள வாங்க. உக்காருங்க."

"உன் வீட்டுப் பச்சத்தண்ணிகூட வேண்டாம். பரமக்குடியில கடைத் தோட்டா விக்கிறான். இந்தா, ரெண்டரை பஸ்ஸுக்கே போறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையாண்டி நடந்தார்.

"என் கூட்டையெல்லாம் எடுத்து வெளிய வையி" என்றார் கபீர். "இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன்."

"எங்களுதையும்" என்று இன்னும் இரண்டு பேர்.

பத்து வருஷத்துப் பேர். பத்து நிமிஷம் ஆகவில்லை, போய்விட்டது.

சுலைகா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"போச்சா? இப்பக் குளுந்துச்சா மனசு? இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் தண்ணிக்குப் போறது?"

அவன் காதில் அது விழுந்த மாதிரி இல்லை. கொடியிலிருந்து சட்டையை உருவி மாட்டினான். பொத்தான் துளை அகப்படவில்லை.

"எங்க போறீக?"

"பஸ் வாரதுக்குள்ள அவரைப் பிடிக்கணும்."

"பிடிச்சு? நடுத்தெருவுல வாங்கினது போதாதா? கால்ல வேற விழணுமா? போகட்டும், விடுங்க. நல்ல தோட்டாவா வாங்கிப் பன்னியைச் சுடட்டும்."

"கேப்புல துப்பாக்கி ஊசி குத்தியிருக்கு, சுலைகா. விசையை இழுத்திருக்காரு."

"பன்னியைக் கண்டா இழுக்கத்தானே செய்வாரு?"

நெய்னா கதவைத் திறந்தான். திரும்பினபோது அவன் கண் நிறைந்திருந்தது.

"பன்னிக்குப் போறவன் பத்துத் தோட்டா கேப்பான். அவரு ஒண்ணு போதும்னாரு."