தாய்மாமன் மடி

விளக்கு வைத்த நேரம். பக்கத்து அறையில் பவர்லூம்கள் நின்றிருக்கின்றன. நகரியில் தன் வீட்டுக் கூடத்தில், சொம்பின் மேல் சாய்த்து வைத்த செல்போனுக்கு எதிரே சம்பூரணம் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பேரனின் முதல் மொட்டை திருமலையில்தான் என்று வேண்டிக்கொண்டவள் அவள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் காலையிலிருந்து சந்தனம் இழைத்திருக்கிறாள். பேரனுக்கென்றே நெய்த சின்ன வேட்டி மடிப்புக் கலையாமல் பெஞ்சின் மேல் கிடக்கிறது. திரையில் அமெரிக்காவின் ஒரு பெருமாள் கோயில், அங்கே காலை வெயில். மகள் மஞ்சுவின் குழந்தை, லண்டனிலிருந்து வந்திறங்கிய தாய்மாமன் சுதீரின் மடியில் வீறிட்டு அழுகிறது. கத்தி நகர நகர, சுருள் முடி அவன் மடியில் உதிர்கிறது. “ரெண்டு ஊரு ஆபீசும் ஒரே கம்பெனிம்மா, அண்ணன் அடிக்கடி வேலையா இங்க வந்துடுது. மாமன் மடி கிடைச்சப்பவே முடிச்சிட்டோம்,” என்கிறாள் மஞ்சு. சம்பூரணத்தின் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் கணவர் தணிகைவேல் மெல்லச் சொல்கிறார்: “அந்த ரெண்டு தேசமும் ஒரு காலத்துல சண்ட போட்டுப் பிரிஞ்சதுங்க. இப்ப பாரு, கொள்ள கொடுக்க, போக வரன்னு ஒரே வூடு மாதிரி கீதுங்க.” சம்பூரணம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாம யார்கூடவும் சண்ட போடலியே,” என்கிறாள். மழித்த தலை ஈரத்தில் பளபளக்கிறது. அவள் விரலைச் சந்தனத்தில் தோய்த்து அதன் உச்சியில் வைக்கிறாள். வெகுநேரம் ஓடிய போன், குழந்தையின் தலையைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கிறது.