பூசாத பக்கம்

தண்ணீர் கொதித்த பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.

சாயங்கால வெயிலில் பின்வாசல் படியில் கிழட்டு நாய் படுத்திருந்தது. பெயர் மேஜர். அதன் இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. வெறும் சாம்பல் தோல். அங்கங்கே சிவந்திருந்தது.

காலையில் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தாள். ஆடுகளுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் பிறகு முறை வந்தது. டாக்டரம்மா தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, குனிந்து பார்த்தார்.

சொறிப்பூச்சி இல்லை என்றார். பூஞ்சை என்றால் வட்டமாகப் பரவும். தைராய்டு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கொட்டும். வயதினால் என்றால் உடம்பு முழுக்க முடி மெலியும். இது ஒரு பக்கம் மட்டும்.

எதிலாவது உரசுகிறதா என்று கேட்டார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் என்பதிலேயே நின்றுவிட்டாள்.

சுவருக்கு மேலிருந்து சுடுநீரை ஊற்றினால் ஒரு பக்கம்தான் படும் என்றாள்.

தழும்பு இல்லையே என்று டாக்டரம்மா சொன்னார். அவருக்கு அண்ணனைத் தெரியாது.

அப்பா வீட்டில் பாதி அவளுக்கு என்று தீர்ப்பு வந்த மாதமே அண்ணன் முற்றத்தின் நடுவில் சுவர் எழுப்பினான். அவள் கழுத்தளவு உயரம். தன் பக்கத்தைப் பூசி வெள்ளையடித்தான். இந்தப் பக்கம் பூச வேண்டுமானால் கொத்தனார் அவள் முற்றத்துக்குள் வந்தாக வேண்டும்.

வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மழையைக் குடித்துக் குடித்து அவன் சுவர் உதிரட்டும்.

நாய் அவன் வளர்த்தது. சுவர் எழும்பிய அன்று இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு அண்ணி வந்தபோது அவள் கேட்டைத் திறக்கவில்லை. இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் எனக்கு என்று உள்ளிருந்தே சொன்னாள்.

நாய்க்கு ஒரு கைப்பிடி சோறு அதிகமாகவே வைத்தாள் அதன் பிறகு. அன்பினால் மட்டும் இல்லை.

அடுப்பை அணைத்தாள். துணி சுற்றிப் பாத்திரத்தைத் தூக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகைக் கொடி. அண்ணன் ஆசையாக வைத்தது. மொட்டு விட்டிருந்தது. வேர் வெந்தாலும் கொடிக்கு உடனே தெரியாது. இலை ஒவ்வொன்றாகத் துவளும். அவன் தண்ணீர் விடுவான். எரு போடுவான். என்னவென்று தெரியாமல் தவிப்பான்.

அந்தத் தவிப்பை நினைத்தபோது அவள் நடை லேசானது.

அவளுக்கு முன்னால் நாய் எழுந்து போனது.

பாத்திரத்தைச் சுவரின் மேல் வைத்து எட்டிப் பார்த்தாள்.

கொடியின் கீழே, சுவரில் சாய்ந்தபடி, அண்ணன் உட்கார்ந்திருந்தான். உச்சியில் வழுக்கை விழுந்திருந்தது. அவள் அதை இதுவரை பார்த்ததில்லை.

அவன் நிமிரவில்லை. சுவரோடு பேசுகிறவன்போல மெதுவாகக் கேட்டான்.

"யார்றா ராசா உம்மேல சுடுதண்ணி ஊத்துனது? மாடியிலேருந்து உன் வெலாவப் பாத்தேன்டா. அவளா?"

இந்தப் பக்கம் நாய் சுவரில் ஒட்டி நின்றது. வலது காது அதற்கு எப்போதோ கேட்காமல் போய்விட்டது. இடது காதைச் செங்கல்லில் அழுத்திவைத்திருந்தது.

வாலாட்டியது. வாலோடு உடம்பும் ஆடியது.

செங்கற்களுக்கு நடுவே பிதுங்கிக் காய்ந்த சிமெண்ட், பல் பல்லாக நின்றது. விலா அதில் போய்ப் போய் உரசியது. ஒவ்வொரு பல்லிலும் பழுப்பு முடி சிக்கியிருந்தது. பழையதும் புதியதும்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எத்தனை சாயங்காலங்கள்.

யாரும் ஊற்றவில்லை என்று சொல்லலாம். உன் குரல் கேட்டால் இப்படித்தான் உரசுகிறது, வந்து பார் என்று சொல்லலாம். அவள் மேலிருந்த பழி அந்த நிமிடமே போய்விடும்.

அவனுக்கும் தெரிந்துவிடும்.

சோறு போட்டவள் அவள். மழை நாளில் கட்டிலுக்குக் கீழே இடம் கொடுத்தவள் அவள். இத்தனைக்குப் பிறகும் நாய் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆவி சுவரைத் தாண்டிப் போனது. அவன் தலை அசைந்தது.

அவன் எழுவதற்குள் அவள் முழங்காலால் நாயைச் சுவரிலிருந்து தள்ளினாள். நாய் தடுமாறி நகர்ந்தது.

அவன் எழுந்து நின்றான். பாத்திரத்தைப் பார்த்தான். எட்டி, நாயின் விலாவைப் பார்த்தான். பிறகு அவளை.



"ஆமாண்ணே," என்றாள். "நான்தான்."