அங்கே போங்க

“என் சைட்டுக்கு வர்ற ஆளுங்க எல்லாரையும் மோகனா சைட்டுக்குத் திருப்பி விடணும். செஞ்சது நான்னு அவளுக்குத் தெரியவே கூடாது. முடியுமா?”

கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார் கணேசமூர்த்தி. செனாவாங் வட்டாரத்தில் அவருடைய கேட்டரிங் மட்டன் வறுவலுக்குப் பேர்போனது. அந்தப் பேர் மேல் ஊருக்கு இருப்பதைவிட அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பிக்கை உண்டு.

“முடியும்ண்ணே,” என்றாள் ஷாமினி. அவருக்கு வலைத்தளம் செய்துகொடுத்தவள் அவள்தான். “ஆனா மோகனாக்காவும் நீங்களும் பேசிக்கிறதே இல்லையே?”

“ஆமா. சொந்தக்காரங்க கல்யாணத்துல யாரு சமைக்கிறதுன்னு ஒரு சண்டை. அதுக்காகத் தங்கச்சி இல்லன்னு ஆயிருமா? நேத்து செண்டாயான் பக்கம் போனேன். அவ கேட்டரிங் வேன் வெயில்ல சும்மா நிக்குது. ஃபேக்டரி காண்டீன்ல வேலைக்குப் போறாளாம்லா!” சொல்லிவிட்டு ஒருமுறை கனைத்துக்கொண்டார். “சுத்த சைவம்தான் சமைப்பா, அவ வெக்கிற சாம்பார் யாருக்கும் வராது. ஆனா பாவம், வியாபாரம் தெரியல. நேரா குடுத்தா வாங்க மாட்டா. அவ்ளோ திமிரு.”

“ஒங்க தங்கச்சியாச்சே!”

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

“ஆர்டர் எல்லாம் அங்க போயிட்டா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?”

“எனக்கென்ன! மோட்டார் சைக்கிள்லருந்து விழுந்து மாசக்கணக்கா படுத்துக் கெடந்தேன். பழைய வாடிக்கை எல்லாம் வேற கடைக்குப் போயிருச்சு. எழுந்து வந்து அடுப்பைப் பத்த வெச்சேன், புதுசு புதுசா ஆளுங்க கூப்புடுறாங்க. எல்லாம் கைராசி! ஒண்ணுதான் புரியல. புரட்டாசி முடிஞ்சும் பாதிப் பேரு சைவமே கேக்குறாங்க. சனங்க மாறிட்டாங்க போல.”

ஷாமினி மடிக்கணினியைத் திறந்தாள்.

“கேளுங்கண்ணே. இனிமே யாராவது ஒங்க அட்ரஸைத் தட்டினா, நம்ம சர்வர் ஒங்க பக்கத்தைக் காட்டாது. ‘இங்க இல்ல, அங்க போ’ன்னு மட்டும் பதில் சொல்லும். பிரவுசர் தானாவே அங்க போயிரும். வந்தவங்க கவனிக்கக்கூட மாட்டாங்க. இதுல ரெண்டு வகை இருக்கு. 302 போட்டா, கொஞ்ச நாளைக்கு மட்டும். 301 போட்டா நிரந்தரம். கூகுள்கூட ஒங்க பழைய அட்ரஸை விட்டுட்டு அவங்க அட்ரஸைத்தான் காட்டும். ஒங்க பேரு, மதிப்பு எல்லாம் அவங்களுக்குப் போயிரும். எது வேணும்?”

கணேசமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிரந்தரமா? அவ்ளோ வேணாம்லா! தீபாவளி வரைக்கும் போதும். அவ கை ஊணி எழுந்துட்டா நம்மளோடத நாம எடுத்துக்குவோம்.”

“அப்ப 302.”

தங்கையின் வேனைப் பிடித்த படத்தை அவர் கைப்பேசியில் காட்டினார். அதில் இருந்த முகவரியைப் பார்த்துத் தட்டினாள் ஷாமினி. இது அவளுக்குக் கைவந்த வேலை. சேமித்துவிட்டு அவருடைய தளத்தைத் திறந்தாள்.

பக்கம் வரவில்லை. மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பப்படுவதாகத் திரை சொன்னது.

“என்னம்மா, கெட்டுப்போச்சா?”

“இருங்கண்ணே.” மோகனாவின் முகவரியைத் தனியாகத் தட்டி, அந்த சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தாள். சரிதானா என்று இன்னொரு முறை தட்டினாள்.

“நாம அங்க அனுப்புறோம். அங்கருந்து நேரா நம்மகிட்டயே திருப்பி அனுப்புது. ரெண்டும் சுத்திச் சுத்தி வருது.”

“நீதான் ஏதோ மாத்திப் போட்டுட்டே.”

“அவங்க சர்வரை நான் தொடவே முடியாதுண்ணே. மோகனாக்கா ஏற்கெனவே போட்டு வெச்சிருக்காங்க. அவங்கள தேடி வர்ற ஆளுங்க எல்லாரும் ஒங்ககிட்டதான் வந்துகிட்டு இருக்காங்க.”

கணேசமூர்த்திக்கு வெயிலில் நின்ற வேன் நினைவுக்கு வந்தது. சைவம் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“நான் விழுந்ததக் கேட்டு, கொஞ்ச நாளைக்குன்னு போட்டிருப்பா,” என்றார் மெதுவாக. “அந்த 302 தானே?”

ஷாமினி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“301, அண்ணே.”